ஒரு வீசைக் கல்

கல்லூரி என்பது மூடிப்போன அரிசி ஆலை.
பதினோரு பேர் படிக்கிறோம்.
மனித உடலில் எலும்பு இருநூற்றாறு, புத்தகத்தில்.
எங்கள் எலும்புக்கூட்டில் இருநூற்று மூன்று.
மூன்று விரல்நுனிகளைப் போன வருஷ வெள்ளம்
சால்வீன் ஆற்றுக்குக் கொண்டுபோய்விட்டது.
பரீட்சையில் எதை எழுதட்டும் என்று கேட்டேன்.
புத்தகத்துக்குத்தான் மார்க் என்றார்
சயாமா கின் மியோ.

மோல்மீனில் ஆறு மாதம் மழை.
ஓடுபாதையின் சுண்ணாம்புக்கோடு
வாரம் ஒருமுறை கரைந்துபோகும்.
எண்ணூறு மீட்டரைக் குத்துமதிப்பாக ஓடுவோம்.
ஓடி முடித்துக் கழுத்தில் இரண்டு விரல்,
பதினைந்து விநாடி, நாலால் பெருக்கு.
தித், ஹ்னித், தோன் என்று
பர்மியத்தில்தான் தொடங்குவேன்.
மூச்சு முட்டுகிற இடத்தில்
பதினேழு, பதினெட்டு என்று தமிழாகிவிடும்.
பெருக்கலுக்கு அதனால் ஒன்றும் கெடுதல் இல்லை.

பதிவேட்டில் நான் மா வா வா தின்.
வீட்டில் செண்பகவல்லி.
முதுகில் குத்திய நாற்பத்தொன்று
இருவருக்கும் பொது.

பயிற்சிக்கு முடோன் பக்கம் போட்டார்கள்,
ரப்பர் தோட்டத்துப் பள்ளி, முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.
எடையை எழுது, உயரத்தின் வர்க்கத்தால் வகு.
கல்லூரி கொடுத்தனுப்பிய தராசோ
யார் ஏறினாலும் நாற்பது என்றது,
ஆட்டுக்குட்டி ஏறியபோதும்.
ரப்பர் ஷீட் நிறுக்கும் கொட்டகைக்கு
எல்லோரையும் வரிசையாகக் கூட்டிப்போனேன்.
உத்தரத்தில் தொங்கும் தராசு, கொக்கியில் மூங்கில் கூடை.
பர்மியர் பெய்தா என்பதை நாங்கள் வீசை என்போம்,
அந்த வீசையில்தான் முள் நிற்கும்.
"டீச்சர், வீசை என்ன விலைக்குப் போவேன்?"
கேட்டவளுக்கு ஒன்பது வயது.
கணக்குப்பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு
"புகைபோட்ட ஷீட்டுக்குத்தான் விலை, உனக்கில்லை" என்றார்.

பிறகு தூரா ஏறினான்.
அம்மா கூப்பிடுவது முனியாண்டி.
அவன் விலா எலும்புகளைத்
தொடாமலே எண்ணி வைத்திருந்தேன்.
முள் பதினைந்தைக் காட்டியது.
கூடை ஆடியதில்
காற்சட்டைப் பைக்குள் ஏதோ கடகடத்தது.

ஜல்லி. சாலைக்குக் கொட்டியது. இரண்டு பையிலும்.

எடை குறைந்தால் பந்தாட்டத்தில்
பெயரை அடித்துவிடுவார்கள் என்று
யாரோ சொன்னார்களாம்.
யாரோ என்ன.
போன வாரம் பலகையில் எழுதியது நான்தான்:
குறை எடையுள்ளோர் கடும் பயிற்சி தவிர்க்க.
பாடநூலிலிருந்து, ஓர் எழுத்துப் பிசகாமல்.

கல்லை வாங்கித் தனியாக நிறுத்தேன்.
சரியாக ஒரு வீசை.
அத்தனையையும் சுமந்துகொண்டு
இரண்டு மைல் நடந்து வந்திருக்கிறான்.

படிவத்தில் எழுதினேன்: தூரா, பதினான்கு வீசை.
குறிப்பு என்ற கட்டத்தில்: கல், ஒரு வீசை.
திரும்பி வந்த படிவத்தில்
கல்லைச் சுற்றிச் சிவப்பு மை.
இது என்ன, என்று ஓரத்தில் சயாமா.
இன்னும் பதில் எழுதவில்லை.

அன்று மாலை கல்லைத் திருப்பிக் கேட்டான்.
கோல் கம்பம் வைக்க வேண்டுமாம்.
இரண்டு குவியலாகப் பிரித்து வைத்தான்,
ஒவ்வொன்றும் அரை வீசை இருக்கும்.
இடது ஓரத்தில் ஆடினான்.
பாதி ஆட்டத்தில் நிறுத்தி
மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன்.
பந்து அந்தப் பக்கம் வந்தது.
கையை உருவிக்கொண்டு ஓடிவிட்டான்.
பத்தொன்பது வரைக்கும்தான்
எண்ணியிருந்தேன்.