வெள்ளைக்காது

புத்தகத்தில் அண்டங்காக்கை சொன்னது:
"பொய் சொன்ன வாய்க்கு மீன் கிடையாது."
ரன்வா சிரித்தாள்.
ஹானுஸ் பக்கத்தைத் திருப்பவில்லை.

வெளியே
ஃபரோத் தீவின் அக்டோபர் காற்று
பலகைக் கொட்டகையின் இடுக்குகளில்
சீட்டியடித்துக்கொண்டிருந்தது.
உள்ளே ஐந்து உடல்கள்
உப்பில்லாமல் காய்கின்றன.

"வெள்ளைக்காது சாண்டோயில மேயுது."
போன வாரம் சொன்னவர் அவர்தான்.

படத்தில் காக்கை
அலகைத் திறந்தபடியே இருந்தது.

"அது மேயப் போகலம்மா"
விளக்கைப் பார்த்துச் சொன்னார்.
"கொட்டகையில இருக்கு."

அவள் அழவில்லை.
கம்பளிப் போர்வையில் பிரிந்த நூலை
விரலில் சுற்றினாள்,
அவிழ்த்தாள்,
மறுபடி சுற்றினாள்.

"கூப்பிட்டதும் வந்துச்சா?"

"ஓடி வந்துச்சு.
கையில ரொட்டி வச்சிருந்தேன்."

காற்று கொஞ்சம் நின்றது.

"அந்த ரொட்டியை
அதுக்குக் குடுத்தியாப்பா?"