சோதனைச் சுருள்

பழைய பெல்ட் உருகி
தார்போலக் கப்பியில் அப்பிக் கிடந்தது.
தையல் மெசின் பெல்ட்டை வெட்டிச்
சூடுகாட்டி ஒட்டினேன்.
பல்ப் மட்டும் கொழும்பிலிருந்து
பஞ்சில் சுற்றி, இரவு பஸ்ஸில் வந்தது.

"நகம் ஃபிலிமைக் கிழிச்சாலும் கிழிக்கும்.
போனாலும் பரவாயில்லாத சுருள் ஒண்டு தாங்கோ."

ஒஸ்லோவிலிருந்து வந்த பெட்டியைக் கிண்டி
இரத்தினமலர் நீட்டினா:
தன்ரை கலியாணம்.

கஸ்தூரியார் வீதி இரைச்சலுக்குக் கதவைச் சாத்தினோம்.
சுவரில், பல்லிக்கு மேலால், மணவறை.
தாலி ஏறுகிற நேரம் பார்த்து
ஓட்டம் தடக்கியது.
மாப்பிள்ளை தலைப்பாகையில்
பழுப்பாய் ஒரு குமிழி.
என் கை ஆளிக்குப் பாய,
"விடுங்கோ" என்றா.

அதற்குள் நகம் கவ்விவிட்டது.
எல்லாரும் அறுகரிசி போட்டார்கள்.

காசைத் தந்து, படியிறங்கி,
திரும்பி வந்து கேட்டா:
"இது பின்னுக்கும் ஓடுமோ?"

ஓடும்.
கொஞ்சம் சத்தம் போடும்.