நான் எழுதியதல்ல

முதலில் கேபிளைப் பிடுங்கினேன்.
பேச்செல்லாம் பிறகு.
நீல வயர் மேசைக்குப் பின்னால் விழுந்து
அறுந்த பல்லிவாலாய் ஒருமுறை துள்ளியது.
"அவ்வளவுதானா?" என்றாள் எதெல்மீரா பார்ரியா.
"இப்போதுதான் கதவைச் சாத்தியிருக்கிறோம்.
திருடன் உள்ளேதான் இருக்கிறான்."

புந்தா அரேனாஸில் அன்று
கடலைச் சுரண்டி எடுத்துவந்து
முகத்தில் அறையும் காற்று.
நகராட்சி தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
பென் டிரைவை உள்பையில் முட்டையாய்ப் பொத்திக்கொண்டு
இந்தக் கால்நடை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்திருந்தேன்.
கழுத்தில் புனல் மாட்டிய நாயொன்று
என்னையும் நோயாளி என்றே நினைத்து நகர்ந்து இடம் விட்டது.

கடிதம் சாதாரணமானது.
உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது,
கட்டண ரசீது இணைப்பில்.
உண்மையிலேயே அவள் ஒரு பார்சலுக்குக் காத்திருந்தாள்:
பூனைகளுக்கான தைராய்டு மாத்திரை, நாற்பது டப்பா.
அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.
ஆயிரம் தூண்டில் வீசுகிறவனுக்கு
எந்த மீனுக்குப் பசி என்று தெரிய வேண்டியதில்லை.

"மடச்சி நான்" என்றாள், நான்காவது முறையாக.
நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.
ஸ்கேன் பதினேழு சதவீதத்தில் நின்றிருந்தது.

சேஃப் மோடில் திரை
கண்ணாடி கழற்றிய முகம்போல் விழித்தது.
தேடினேன்.
பிரிண்டரின் பெயரைச் சூடிக்கொண்டு ஒன்று.
எழுத்துருக்களுக்கு நடுவில் ஒன்று, சாதுவாக.
அழித்தேன். ரீஸ்டார்ட்.
இரண்டும் திரும்ப உட்கார்ந்திருந்தன,
பந்தியிலிருந்து எழுப்பிவிட்டும்
வேறு இலை பார்த்து அமர்ந்தவர்களைப் போல.
எங்கோ மூன்றாவது ஒன்று இவற்றைப் பெற்றுப் போடுகிறது.
அதன் கழுத்தைப் பிடிக்க மணி ஒன்பதாயிற்று.
நேரம் குறித்து வைத்த ஒரு கட்டளை, ஒரே வரி:
கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போதெல்லாம் எங்களை நடு,
தினமும் இரவு இரண்டே காலுக்கு வெளியே அனுப்பு.
இவ்வளவு ஒழுக்கம் எனக்கு இருந்திருந்தால்
பொறியியல் படிப்பை முடித்திருப்பேன்.

பாஸ்வேர்டுகளை என் லேப்டாப்பில் மாற்றினோம்.
பழையது, எல்லாவற்றுக்கும் ஒன்றே,
அவளுடைய செத்துப்போன குதிரையின் பெயர்.

பிறகு 'அனுப்பியவை'யைத் திறந்தேன்.
நேற்றிரவு, அவள் தூங்கிக்கொண்டிருக்கையில்,
அவள் பெயரில் இருநூற்றுப் பதினான்கு கடிதங்கள்.
தடுப்பூசிக் கம்பெனிக்கு. பல் டாக்டருக்கு.
கம்பளி வாங்க வரும் மூன்று பேருக்கு.
ஒரே ஒரு பதில் வந்திருந்தது,
எல்லைக்கு அப்பால் ரியோ கஷேகோஸிலிருந்து,
ஒனோஃப்ரே பார்ரியா:

"இணைப்பு திறக்கவில்லை.
என்ன சொல்ல வந்தாய், எதெல்?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
"பதினோரு வருடம்" என்றாள்.
"அப்பாவின் ஆடுகளை விற்றதிலிருந்து."
நாலு மணி நேரப் பயணம்தான், நடுவில் ஒரு சோதனைச்சாவடி.

தொற்று போன இடமெல்லாம் எச்சரிக்கை போக வேண்டும்.
அதற்கென்று நான் வைத்திருக்கும் வாசகம் சின்னது:
என் பெயரில் வந்த கடிதத்தைத் திறக்காதீர்கள்.
அது நான் எழுதியதல்ல.
இருநூற்றுப் பதின்மூன்று பேருக்கு அனுப்பினாள்.

"இவனுக்கும் இதேதானா?"
"பாதுகாப்புக்கு, ஆமாம்."
தட்டினாள்: அது நான் எழுதியதல்ல.
அழித்தாள். திரும்பத் தட்டினாள்.
முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு
கமா போட்டாள்.

கேபிளைத் தேடி மேசைக்கடியில் குனிந்தேன்.
அங்கே தூசி, நாய்முடி, தொலைந்த ஒரு பேனா.
தேவைக்கு மேலேயே கொஞ்ச நேரம் அங்கிருந்தேன்.
கமாவுக்குப் பிறகு என்ன வந்ததென்று பார்க்கவில்லை.
ரசீதில் மூன்றரை மணி நேரம் என்று எழுதினேன்.
நான்கு ஆகியிருந்தது.