அதே பெயர்க்காரன்

மில்வாக்கியில் இன்னொரு ஹார்லன் டீக் இருக்கிறான்.
நாடகம் போடுகிறவன்.
நான் வட கரோலினாவில்
சனிக்கிழமைதோறும் முப்பத்தெட்டாம் எண் காரில்
இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருப்பவன்.

முதலில் டயர்க் கடைக்காரன் அவனுக்குப் பில் அனுப்பினான்.
பிறகு எனக்கொரு பத்திரிகை நறுக்கு வந்தது:
'இரண்டாம் அங்கம் ஒரே இழுவை.
யாராவது டீக்கின் காலை
பிரேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.'
எஞ்சின் பார்க்கும் வெர்ன் வயிறு குலுங்கச் சிரித்தான்.
எனக்கு ஏனோ
இரண்டு நாள் சுருக்கென்றே இருந்தது.

இருட்டில் கடைசி வரிசையில் உட்கார்ந்து
அடுத்தவன் விழுவதைத் திருத்துவானாம்:
'இன்னும் மெதுவாக. மறுபடி விழு.'
எனக்கு ஒத்திகை கிடையாது.
அக்டோபரில், நான்காம் வளைவில்,
ஒரே தடவைதான் சுவரில் ஏறினேன்.
தொடை எலும்பு இரண்டு இடத்தில்.
கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.
அவன் தொழிலில் அதற்கு வேறு அர்த்தம்.

கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு பழுப்பு உறை.
உள்ளே நாற்பத்தோரு அட்டைகள்,
என் காலுக்காக எழுதப்பட்டு
அவன் வாசலுக்குப் போனவை.
கூடவே ஒரு துண்டுக் காகிதம்:
'இவை உங்களுடையவை.
ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், மன்னிக்கவும்.
என் நாடகத்தை ஒன்பதே நாளில் எடுத்துவிட்டார்கள்.'

கட்டுப்போட்ட காலை நாற்காலிமேல் நீட்டி
அட்டைகளைப் பரப்பிப் பார்க்கிறேன்.
ஓஹையோவில் ஒரு பல் டாக்டர்,
ஒரு மூன்றாம் வகுப்பு முழுவதும்,
சிறையிலிருந்து ஒருவன்.
இவர்களில் இல்லாத அந்த ஆள்
என்னதான் எழுதியிருப்பான்?

கேட்டு எழுதவில்லை.

ஏப்ரலில், கார்க் கதவுக்கு மேல்
பெயர் எழுத வந்த பையன்
'பழையபடிதானே?' என்றான்.
கொஞ்சம் பெரிதாக எழுது என்றேன்.