மூன்று கோபுரக் காசு

கோட்டைச் சிப்பாய் கிளாவுஸ்
கள்ளுக் கடனுக்கு வைத்த வெள்ளி இது.
நூற்றுப் பன்னிரண்டு மஞ்சாடி நிற்கவேண்டும்,
நூற்றேழுதான் நின்றது.
வரும் வழியில் ஏதோ துறைமுகம்
விளிம்பைச் சுரண்டித் தின்றிருக்கிறது.

மூன்று கோபுரம், சாத்திய கதவு.
சுற்றியுள்ள எழுத்து எனக்குத் தெரியாது;
அவனுக்கும்.

"ஹம்பூர்க். ராசா இல்லாத ஊர்.
காசு நாங்களே அடிப்போம்."
"எங்களுக்கும்தான் ராசா இல்லை" என்றேன்.
அவன் காவல் நிற்கும் மதிலில்
முருகைக்கல்லுக்கு நடுவே
எங்கள் கோயிற்தூண் ஒன்று
படுத்துக் கிடக்கிறது.

ஏட்டில் எழுதினேன்:
வெள்ளி ஒன்று. கழிவு ஐந்து.

நாளை தட்டாதெருவில் உருக்கு.
நெருப்பில் முதலில் போவது
கோபுரமா, கதவா?

கதவுதான் என்று
பந்தயம் கட்டுகிறான் கிளாவுஸ்,
கையில் காசில்லாமல்.