எட்டாம் அதிகாரத்தில் ஒருவன்

இருபத்தோரு வருஷம் இந்த வசனத்தைப் பிரசங்கித்திருக்கிறேன்,
சாட்ஸ்வர்த் ஏழாம் யூனிட்டில், தகரக் கூரையில்
மழை விழுந்தால் மைக்கும் தோற்கும் எங்கள் சபையில்.
அப்பாவை அடக்கம்பண்ணிவிட்டு வருகிறேன் என்று
ஒருவன் கேட்டான்.
செத்தவர்களைச் செத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்,
நீ வா என்றார் ஆண்டவர்.
கை உயர்த்தி ஆமென் சொன்னவர்களில்
எத்தனை பேருக்கு அப்பா உயிரோடிருந்தார் என்று
எண்ணிப் பார்த்ததில்லை.

செவ்வாய் விடியலில் ஆஸ்பத்திரியிலிருந்து தங்கை ஃபோன்.
மூத்தவன் நீதான் அண்ணா.
மெரிபேங்க் ஐயர் வருகிறார்,
கிளேர் எஸ்டேட்டில் புதன் இரண்டு மணிக்கு இடம் கிடைத்திருக்கிறது.
கற்பூரம் நீ ஏற்றுவாயா,
இல்லை இவரிடம் சொல்லட்டுமா?

அன்றிரவு புத்தகங்களை இறக்கினேன்.
ஒருவர் எழுதுகிறார்: அந்த அப்பா சாகவேயில்லை,
கிழவர், அவ்வளவுதான்; மகன் கேட்டது சில வருஷத் தவணை.
இன்னொருவர்: சதை உதிர்ந்தபின் எலும்பைப் பொறுக்கிப்
பெட்டியில் வைக்கும் இரண்டாம் அடக்கம் அது.
மூன்றாமவர், செத்தவர்கள் என்றால் விசுவாசமற்றவர்கள் என்று
அடிக்கோடு போட்டிருக்கிறார்.
இல்லை, அந்தக் கோடு நான் போட்டது.
சிவப்பு மை. இருபத்தெட்டு வயதில்.

ஒவ்வொன்றும் ஒரு ஜன்னல். குதித்துத் தப்பிக்கலாம்.
எதில் குதித்தாலும் கீழே நிற்பவர் அப்பா.

மூன்று மணிக்கு டீ ஆறிப்போயிருந்தது.
திரும்ப வாசித்தேன்.
அடுத்த வரியில் படகு. புயல். அவர் தூங்குகிறார்.
கேட்டவன் படகில் ஏறினானா,
ஊருக்குத் திரும்பினானா,
ஒன்றும் எழுதியில்லை.
இத்தனை வருஷம் அவனை நானே படகில் ஏற்றியிருக்கிறேன்.

இசிப்பிங்கோ கடற்கரையில் எனக்கு ஞானஸ்நானம்.
அப்பா ஷூ ஃபாக்டரி இரவு வேலை முடிந்து நேரே வந்திருந்தார்,
நெற்றியில் விபூதி. சபையார் யாரும் அவரிடம் பேசவில்லை.
அலைக்கு இரண்டடி தள்ளி
என் துண்டையும் செருப்பையும் கடிகாரத்தையும்
வாங்கிக்கொண்டு நின்றார்.
தண்ணீரிலிருந்து எழுந்தபோது முதலில் கண்டது
துண்டை விரித்துப் பிடித்த கைகள்.
காதைத் துடை, சளி பிடிக்கும் என்றார்.

புதன். தகன மேடை வாசலிலேயே
மூப்பர் ஸ்டான்லி பெருமாள் மறித்தார்:
பாஸ்டர், சபை என்ன சொல்லும்?
தெரியாது.
வசனம் என்ன சொல்கிறது?
அதுவும், இன்றைக்கு, தெரியாது.
வாய்க்கரிசி போடுவேன். கற்பூரம் ஏற்றுவேன்.
ஐயர் சொல்லும் மந்திரத்தைத் திருப்பிச் சொல்லமாட்டேன்;
அந்நேரம் என் ஜெபத்தைச் சொல்வேன், சத்தமில்லாமல்.
இது சரியா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

வேட்டி கட்ட வேண்டும் என்றார் ஐயர்.
சட்டை, செருப்பு, கடிகாரம் கழற்றினேன்.
எங்கே வைப்பதென்று திரும்பினால்
மூப்பர் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.
முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

ஞாயிறு ஆராதனைக்கு அவர் வரவில்லை.
கடிகாரத்தை மகனிடம் கொடுத்தனுப்பியிருந்தார்,
பிளாஸ்டிக் பையில் சுற்றி.
நாலு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது.
அதே அதிகாரத்தைத் திறந்தேன்.
நீ வா என்ற இடம்வரை வாசித்து நிறுத்தினேன்.
பின்வரிசையில் யாரோ
பக்கத்தைப் புரட்டித் தேடும் சத்தம்.