கடன் கேட்ட பாவம்

நாளை அவளுக்கு முதல் பாவசங்கீர்த்தனம்.
கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்து
ஒன்று, இரண்டு, மூன்று என்று
எண் மட்டும் போட்டுவிட்டு
சமையலறை வாசலில் வந்து நிற்கிறாள் பெர்னிலா.
"எனக்குப் பாவம் எதுவுமே ஞாபகம் வரலம்மா.
உன்னோடது ஒண்ணு கடன் குடேன்."

வியாழன் ராத்திரி. தோஹா, நஜ்மா, மூன்றாம் மாடி.
ஏசித் தண்ணீர் பெயிண்ட் வாளியில் சொட்டுகிறது.
தஸ்நேவிஸுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல்.
இடுப்பில் அவன், அடுப்பில் ரசம்.
ரூபர்ட் கடலில், ரிக்கில்.
இருபத்தெட்டு நாளில் பத்தொன்பது கழிந்ததாக
மாதா படம் போட்ட காலண்டர் சொல்கிறது.

"தம்பியைக் கிள்ளினியே, அதை எழுது."
"அவன்தான் முதல்ல கடிச்சான்."
"பல் தேய்க்காமலே தேய்ச்சேன்னு பொய் சொன்னியே."
"நீயும்தான் சொல்ற,
அப்பா போன் பண்ணும்போது.
நாங்க நல்லா இருக்கோம்னு."

ரசம் பொங்கி வழிந்தது.

துடைக்கத் துடைக்க
எனக்குத்தான் பட்டியல் நீண்டது.
மூன்றாம் காரணிக்கத்தைத் தாண்டியதில்லை
என் ஜெபமாலை, பல மாதமாக.
விரலில் மணி, மடியில் பிள்ளை,
வாய் திறந்தபடி தூக்கம்.
இதையெல்லாம் அவர் கணக்கில் வைக்க மாட்டார்,
அவருக்கும் ஓர் அம்மா இருந்தாள்.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை?
கத்திக்கொண்டிருந்தவனைத் தொட்டிலில் போட்டுவிட்டு
குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டு
குழாயை முழுசாகத் திறந்துவிட்டு
வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன்
பத்து அருள்நிறை மரியே நேரம்.
ஒன்றுகூடச் சொல்லவில்லை.
இவன் ஏன் பிறந்தான் என்று நினைத்தேன்.
நினைத்தேன், அவ்வளவுதான்.
அதை இன்னும் எந்தச் சாமியாரிடமும் சொல்லவில்லை.
வரிசையில் நின்றால் இவன் அழுவான்,
நான் விலகி வெளியே வந்துவிடுவேன்.
நல்ல சாக்கு,
எட்டுக் கிலோவில்.

வெள்ளிக்கிழமை. எங்கள் ஞாயிறு அதுதான்.
மெசைமீரில் காரை நிறுத்திவிட்டுப் புழுதியில் நடந்தோம்.
வெளியிலிருந்து பார்த்தால் சிலுவை தெரியாது.
ஸ்கேனர் வழியாக என் பை போனது:
பால் புட்டி, டயாபர், காய்ச்சல் மருந்து,
வெள்ளை ஹேர்பேண்ட், ஒரு பாதி பிஸ்கட்.
காவலர் திரையைப் பார்த்து, என்னைப் பார்த்து,
கொட்டாவியோடு போகச் சொன்னார்.

தமிழ்ப் பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரம்.
பிள்ளைகள் வரிசையாகப் போய்
மூக்கைச் சொறிந்துகொண்டு திரும்பினார்கள்.
இவள் போனாள்.
மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்தாள்.

"என்ன சொன்ன?"
"அதெல்லாம் சொல்லக் கூடாது. டீச்சர் சொன்னாங்க."
என் கையிலிருந்து தம்பியைப் பிடுங்கிக்கொண்டு
வியர்வையில் நனைந்த தாளை என்னிடம் திணித்தாள்.
"தின்னுடுவான், பிடி.
நீயும் போம்மா. வரிசை சின்னதாத்தான் இருக்கு."

படிக்கக் கூடாது.
படித்தேன்.

இரண்டும் மூன்றும் வெறும் எண்கள்.
ஒன்றுக்கு எதிரே, கோணல் எழுத்தில்:
அம்மா பாத்ரூமுக்குள்ள அழுதது கேட்டுச்சு.
கேக்காத மாதிரி டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

எனக்கு முன்னால் நான்கு பேர்.
அப்புறம் மூன்று.
மண்டியிட்டபோது முட்டிக்கடியில்
பிஸ்கட் தூள் நறநறத்தது.
திரைக்கு அப்பால் சாமியார் தொண்டையைச் செருமினார்.
கடைசியாக எப்போது செய்தேன் என்று
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டேன்.
"என் மகளின் தாளைப் படித்துவிட்டேன்" என்று
பின்னாலிருந்து ஆரம்பித்தேன்.

வெளியே தஸ்நேவிஸ் அழுகிறான்.
பெர்னிலா ஏதோ சொல்லி அடக்குகிறாள்.
சனியனே, வாயை மூடு, அம்மா வந்துடுவா,
என் வார்த்தைகள்தான்,
ஒன்று மாறாமல்.
ஆனால் அவள் அதைத்
தாலாட்டு மாதிரி சொல்கிறாள்.

நான் எழுந்திருக்கவில்லை.